டாரட் படங்களில் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கட்டை வைத்துப் பேசுகிறீர்கள்?

டாரட் என்பது குறி பார்க்கவும் பயன்படுத்தும் படச் சீட்டுகள், அதன் ஒரு முழுத் தொகுதியைத்தான் கட்டு என்கிறேன். நான் வைத்துப் பேசுவது ரைடர்-வெய்ட்-ஸ்மித் கட்டு. இன்று கடையிலும் யூடியூபிலும் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான டாரட் படங்கள் அதுவேதான், இல்லையென்றால் அதைப் பார்த்து மாற்றி வரைந்தவை. 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்டு சன் பதிப்பகம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டினுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. அந்த அம்மாவின் பெயர் வெகுகாலம் கட்டின் பெயரில் சேரவே இல்லை, வெறும் 'ரைடர்-வெய்ட்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சீட்டின் மூலையில் சுருண்ட கொடி மாதிரி ஒரு கையெழுத்துக் குறி இருக்கும், அது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பாதி விஷயம் அவர் தூரிகை செய்தது என்பதால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் என்றால் உணர்ச்சி, அவ்வளவுதானே?

எல்லா அறிமுக வீடியோவிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள், தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் எல்லா நீர்ச் சீட்டும் ஒரே சீட்டாகிவிடும். கோப்பைகள் வரைந்த கப்ஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபைவ் ஆஃப் கப்ஸிலும் ஆறு ஓடுகிறது, டென் ஆஃப் கப்ஸிலும் ஆறு ஓடுகிறது. ஒன்று துக்கம், ஒன்று குடும்பம் நிறைந்த மகிழ்ச்சி. 'உணர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். தண்ணீர் என்ன செய்கிறது: ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா, கொந்தளிக்கிறதா, சிந்திக் கிடக்கிறதா, பாத்திரத்துக்குள் இருக்கிறதா. அப்புறம், சீட்டில் இருக்கிற ஆள் அந்தத் தண்ணீருக்கு எங்கே நிற்கிறார்: காலை நனைத்துக்கொண்டா, கரையிலா, முதுகைக் காட்டியா, மேலே மிதந்துகொண்டா. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டைச் சுற்றித்தான்.

இந்தத் தொடர்பு எப்போது வந்தது? ஆதியிலிருந்தே இருக்கிறதா?

இல்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. குறி சொல்வதற்கு அதைப் பயன்படுத்தும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவலானது. விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா என்ற பழைய இத்தாலியக் கட்டில் ஸ்டார் சீட்டைப் பார்த்தால் ஒரு பெண் கையில் நட்சத்திரத்தைப் பிடித்திருப்பாள், அவ்வளவுதான், குடமும் இல்லை குளமும் இல்லை. மூன் சீட்டிலும் அப்படியே, கையில் ஒரு பிறை. டெம்பரன்ஸில் மட்டும் ஒரு பெண் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவாள், மதுவில் தண்ணீர் கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கிற பழைய நிதான குணத்தின் உருவம் அது. குடம் சாய்க்கிற நட்சத்திரப் பெண்ணும், நிலாவுக்குக் கீழே குளமும் அதில் ஊரும் பிராணியும் பின்னால் வந்த மார்செய் என்ற பிரெஞ்சு வகைக் கட்டுகளில் நிலைபெற்றவை.

கப்ஸ் வரிசை முழுக்க நீர், வாண்ட்ஸ் (கோல்) நெருப்பு, ஸ்வோர்ட்ஸ் (வாள்) காற்று, பென்டக்கிள்ஸ் (காசு) மண் என்று இன்று நாம் மனப்பாடமாகச் சொல்கிற பங்கீடு, 1888இல் இங்கிலாந்தில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தின் பாடத்திலிருந்து வருவது. வெய்ட், ஸ்மித் இருவருமே அதில் உறுப்பினர்கள். அந்தச் சங்கம் ஒவ்வொரு பெரிய சீட்டுக்கும் (இந்த நான்கு வரிசையிலும் சேராமல் தனிப் பெயரோடு வரும் 22 சீட்டுகள்) ராசியோ கிரகமோ பூதமோ ஒதுக்கியது. நீர் ராசிகள் மூன்றையும் எடுத்துப் பாருங்கள்: கடகம் சேரியட்டுக்கு, விருச்சிகம் டெத்துக்கு, மீனம் மூனுக்கு. இந்த மூன்று படத்திலும் தண்ணீர் இருக்கிறது. சேரியட்டில் தேருக்குப் பின்னால் நகர மதிலை ஒட்டி ஓடும் ஆறு, பலர் கவனிக்காமலே கடந்துபோவது.

அப்படியானால் நீர் ஒதுக்கிய சீட்டில் எல்லாம் தண்ணீர் இருக்குமா?

இருக்காது, இதை நான் மிகவும் ரசிக்கிறேன். கோல்டன் டான் கணக்கில் நீர் பூதத்துக்கே உரிய சீட்டு ஹேங்டு மேன், எபிரேய எழுத்தான மேம் வழியாக வருகிற ஒதுக்கீடு. படத்தில் ஒரு சொட்டு நீர் கிடையாது. மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒருவன், தலையைச் சுற்றி ஒளி, முகத்தில் வலியே இல்லாத அமைதி. நீருக்குள் மூழ்கி அசையாமல் இருக்கிறவனின் முகம் அது என்றுதான் எனக்குப் படும். இதற்கு நேர்மாறாக ஜட்ஜ்மென்ட் சீட்டு நெருப்புக்கு ஒதுக்கப்பட்டது, ஆனால் அதில் சவப்பெட்டிகள் கடலில் மிதக்கின்றன. ஸ்டார் கும்பத்துக்கு உரியது, கும்பம் காற்று ராசி, படமோ முழுக்க நீர். ஆக அட்டவணையை மட்டும் நம்பிப் படத்தைப் பார்க்காமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கப்ஸ் வரிசையிலும் இதே கதைதான். டூ, த்ரீ, ஃபோர், சிக்ஸ், செவன், நைன் இவற்றில் ஆறோ கடலோ கிடையாது. கோப்பை இருக்கும், அதற்குள் பூவோ மாயக்காட்சியோ இருக்கும்.

ஏஸ் ஆஃப் கப்ஸில் எத்தனை நீரோடைகள்?

எண்ணிப் பாருங்கள். மேகத்திலிருந்து ஒரு கை, உள்ளங்கையில் கோப்பை, ஒரு புறா வாயில் சிலுவைக் குறியிட்ட அப்பத்தோடு தலைகீழாக இறங்குகிறது, கீழே அல்லி மிதக்கும் குளம். வெய்ட் தன் விளக்க நூலில் கோப்பையிலிருந்து நான்கு ஓடைகள் வழிவதாக எழுதியிருக்கிறார். ஸ்மித் வரைந்திருப்பது ஐந்து. ஐந்து என்றால் ஐம்புலன்கள் என்று பின்னால் வந்தவர்கள் அழகாக விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: எழுதியவரும் வரைந்தவரும் ஒரே ஆள் கிடையாது, ஆகவே நூலில் எழுதியிருப்பது மட்டும்தான் பொருள் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தச் சீட்டை எடுத்து அவர்கள் முன்னால் வையுங்கள்.

அப்புறம், இந்தக் கோப்பை நிரம்பி வழிந்தாலும் யாரும் அதைக் குடிக்கவில்லை, எல்லாம் குளத்துக்கே திரும்பிப் போகிறது. புதிதாக ஒரு அன்பு, ஒரு உறவு தொடங்கும் நேரத்தில் இந்தச் சீட்டு வந்தால் நான் கேட்கும் கேள்வி அதிலிருந்துதான் வரும்: வருவதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்களா, ஓட விடுகிறீர்களா?

ஃபைவ் ஆஃப் கப்ஸ் வந்தால் பயமாக இருக்கிறது. அதில் நல்லதே இல்லையா?

கறுப்புப் போர்வை போர்த்திய ஆள் தலை கவிழ்ந்து நிற்கிறார், முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, பின்னால் இரண்டு நிற்கின்றன. இரண்டு மிச்சம் இருக்கிறதே என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அதை உடனே சொல்வது எனக்குப் பிடிக்காது, போனது போனதுதான். அவருக்கு முன்னால் சிந்திக் கிடப்பதை உற்றுப் பாருங்கள், தண்ணீர் நிறமே இல்லை, சிவப்பும் பச்சையுமாக இருக்கும். தண்ணீர் அதற்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆறாக. அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் இருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கோட்டை வீடு. சிந்தியது மண்ணில் ஊறி நின்றுவிட்டது, ஆறு நிற்கவில்லை. பாலத்தை உடனே கடந்தாக வேண்டும் என்றும் படம் சொல்லவில்லை, அது அங்கே இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறது.

கப்ஸ் வரிசையின் நான்கு ஆட்களுக்கும் என்ன வித்தியாசம்?

தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்தே பேஜ், நைட், குயின், கிங் என்ற நான்கு பேரையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கட்டிலேயே மிக நுணுக்கமாக யோசித்து வரைந்த இடம் என்று இதைச் சொல்வேன்.

பேஜ் கரையில் நிற்கிறான், அலை அவனுக்குப் பின்னால். கையில் கோப்பை, அதிலிருந்து ஒரு மீன் தலையைத் தூக்கி அவனையே பார்க்கிறது. அவனுக்கு ஆச்சரியம்தான், பயமில்லை. மனத்தின் படங்கள் உருவெடுப்பது என்ற பொருளில் வெய்ட் இதற்கு எழுதியிருக்கிறார். எதிர்பாராமல் தோன்றும் ஒரு யோசனையை விரட்டாமல் அதோடு பேசிப் பார்க்கிற வயசு. நைட் குதிரை மேல் வருகிறான், முன்னால் ஆறு, அவன் அங்கியில் மீன் உருவங்கள். வாண்ட்ஸ், ஸ்வோர்ட்ஸ் நைட்டுகளின் குதிரைகள் பாயும், இவன் குதிரை மெதுவாக நடக்கிறது, கோப்பையில் இருப்பது சிந்திவிடக் கூடாதே என்பது போல. ஆற்றைக் கடப்பானா, கரையிலேயே நின்று கனவு காண்பானா என்பது சீட்டில் முடிவாகவில்லை.

குயின் தண்ணீரின் ஓரத்திலேயே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் கூழாங்கற்கள். வரிசையில் அவள் கோப்பைக்கு மட்டும் மூடி இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, அவள் கண் அதை விட்டு விலகுவதும் இல்லை. பிறர் சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இந்தச் சீட்டை நான் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

கிங்கின் சிம்மாசனம் நடுக்கடலில். சுற்றிலும் அலை, ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் துள்ளும் டால்ஃபின். அவர் கால் நனையவில்லை. கழுத்துச் சங்கிலியில் மீன் உருவம் தொங்குகிறது. பேஜின் கோப்பையில் உயிரோடு எட்டிப் பார்த்த மீன் இங்கே பதக்கமாகிவிட்டது. இதைச் சிலர் முதிர்ச்சி என்கிறார்கள், சிலர் உணர்ச்சியை அடக்கி வைத்த மனிதர் என்கிறார்கள். அருகில் வரும் சீட்டுகளைப் பார்க்காமல் இதில் தீர்ப்பு சொல்லாதீர்கள், இரண்டுமே படத்தில் இருக்கிறது.

ஸ்வோர்ட்ஸ் காற்றுதானே, அதில் ஏன் இவ்வளவு தண்ணீர்?

நல்ல கேள்வி. டூ, ஃபைவ், சிக்ஸ், எய்ட், டென் என்று ஸ்வோர்ட்ஸில் திரும்பத் திரும்ப நீர் வருகிறது. ஸ்வோர்ட்ஸ் என்றால் யோசனை, சொல், வாதம், முடிவு. அங்கே பின்னணியில் நீர் வருகிற ஒவ்வொரு முறையும், யோசித்துக்கொண்டிருக்கிற ஆள் உணர்வை எங்கே வைத்திருக்கிறார் என்று படம் காட்டிக்கொடுக்கிறது.

டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸில் கண் கட்டிய பெண் இரண்டு வாளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கடலில் பாறைகள், மேலே பிறை. முடிவெடுக்க முடியவில்லை என்று எல்லோரும் இதைப் படிப்பார்கள். எடுக்க முடியாததற்குக் காரணம் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்காமல் தலையால் மட்டும் எடை போடுகிறாள். ஃபைவில் ஜெயித்தவன் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு சிரிக்கிறான், தோற்றவர்கள் நீரை நோக்கி நடந்து போகிறார்கள், ஒருவர் முகத்தைக் கையில் புதைத்திருக்கிறார். வாதத்தில் ஜெயித்துவிட்டு வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத நாள் ஞாபகம் வந்தால் அதுதான் இந்தச் சீட்டு.

சிக்ஸை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். ஒரு தோணி, அதில் துணி போர்த்திய ஒரு பெண், ஒரு குழந்தை, பின்னால் கழி ஊன்றித் தள்ளும் ஆள், படகின் முன்பக்கம் குத்தி நிற்கும் ஆறு வாள்கள். படகுக்கு வலப்பக்கம் தண்ணீரில் அலைக்கோடுகள் இருக்கும். இடப்பக்கம் கோடே இல்லை, வழவழவென்று இருக்கும். ஒரே ஆற்றில் இரண்டு விதமான நீரை ஸ்மித் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டார். படகு அமைதியான கரைக்குப் போகிறது என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். வாள்களையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடுங்கிப் போட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று சில வாசிப்பாளர்கள் சொல்வார்கள், எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு அது. பாரம் குறைவு, வேலை படகோட்டியின் சக்திக்கு உட்பட்டதுதான் என்று வெய்ட்டும் எழுதியிருக்கிறார். பிரிவு, ஊர் மாற்றம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவது போன்ற நேரங்களில் இந்த ஒரு வரி எத்தனை பேருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

எய்ட்டில் கட்டப்பட்ட பெண்ணின் காலடியில் தரை முழுக்க ஈரம், அங்கங்கே நீர் தேங்கியிருக்கிறது. கால் கட்டப்படவில்லை. டென்னில் முதுகில் பத்து வாளோடு ஒருவர் கிடக்க, பின்னால் நீர் அசைவில்லாமல் இருக்கிறது, அடிவானத்தில் மஞ்சள் வெளிச்சம்.

ஹை ப்ரீஸ்டஸ் உடைதான் எல்லா ஆற்றுக்கும் ஊற்று என்கிறார்களே, உண்மையா?

அவளுடைய நீல உடை கீழே வரும்போது துணி மாதிரி மடியாமல் தண்ணீர் மாதிரி வழிகிறது, காலடிப் பிறையைத் தொட்டுக்கொண்டு படத்தின் ஓரம் வரை போகிறது. அவளுக்குப் பின்னால் மாதுளை போட்ட திரை, திரைக்கு அப்பால் ஓரத்தில் கொஞ்சம் நீர் தெரியும். இந்த உடையிலிருந்து கிளம்பும் நீரே அடுத்தடுத்த சீட்டுகளில் ஆறாகவும் குளமாகவும் வருகிறது என்ற விளக்கத்தைப் பரப்பியவர் அமெரிக்க டாரட் எழுத்தாளரான பால் ஃபாஸ்டர் கேஸ். ஸ்மித் அப்படித் திட்டமிட்டுத்தான் வரைந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சிக்கு அருமையான வழி: 22 பெரிய சீட்டுகளையும் வரிசையாகத் தரையில் பரப்பி நீரை மட்டும் பின்தொடருங்கள். எம்ப்ரஸ் காட்டில் அருவி, எம்பரர் சிம்மாசனத்துக்குப் பின்னால் மொட்டை மலையடியில் மெல்லிய ஒரு கோடு, டெத்தில் படகு போகும் ஆறு. அருவியாக விழுந்தது, அப்பா உருவமான எம்பரரின் பக்கம் வரும்போது எப்படி ஒடுங்கிப் போகிறது என்பதை அடுத்தடுத்து வைத்தால்தான் பார்க்க முடியும்.

ஸ்டாரும் டெம்பரன்ஸும் ஒரே மாதிரி இருக்கிறதே?

இரண்டிலும் ஒரு கால் தரையில், ஒரு கால் நீரில், இரண்டு பாத்திரம். வித்தியாசம் நீர் எங்கே போகிறது என்பதில். டெம்பரன்ஸ் தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகிறது, ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. அந்த நீர் நேராக விழாமல் சாய்வாகப் போவதையும் கவனியுங்கள், சாதாரண நீர் அப்படி விழாது. ஸ்டார் பெண் எதையும் சேர்த்து வைக்கவில்லை, ஒரு குடத்தைக் குளத்திலும் ஒரு குடத்தைத் தரையிலும் கொட்டிக்கொண்டே இருக்கிறாள், தரையில் விழுந்தது ஐந்து கிளையாகப் பிரிகிறது. அவள் பாதம் நீருக்குள் மூழ்காமல் மேலேயே நிற்கிறது. வருமானம், உடம்பு, நேரம் இவற்றை அளந்து சமாளிக்க வேண்டிய கட்டம் டெம்பரன்ஸ். டவர் சீட்டில் எல்லாம் இடிந்து விழுந்த பிறகு, கணக்குப் பார்க்கத் தேவையில்லாத ஒரு நிம்மதி ஸ்டார்.

மூன் சீட்டில் தண்ணீரிலிருந்து வெளியே வருவது என்ன?

நண்டும் இறாலும் கலந்த மாதிரி தெரியும் ஒரு நன்னீர்ப் பிராணி. நமக்குள் அடியில் கிடக்கும் பெயரில்லாத ஒன்று மேலே வரப் பார்க்கிறது, பெரும்பாலும் வந்த இடத்துக்கே திரும்ப மூழ்கிவிடுகிறது என்ற கருத்தில் வெய்ட் எழுதுகிறார். நாயும் ஓநாயும் குரைப்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பிராணிக்கு முன்னால் ஒரு பாதை குளத்திலிருந்தே தொடங்கி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே போகிறது, அதே கோபுரங்கள் டெத் சீட்டிலும் தூரத்தில் நிற்கின்றன.

நம் பஞ்சபூதமும் இதுவும் ஒன்றா?

ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாரட்டில் இருப்பது கிரேக்க மரபின் நான்கு பூதங்கள், ஆகாயம் தனி வரிசையாக வராது. ஆனால் ஒரு உண்மையான உறவு உண்டு. கோல்டன் டான் சங்கத்தார் இந்தியாவின் 'தத்வ' எனப்படும் பூதக் குறியீடுகளையும் எடுத்துத் தியானத்துக்குப் பயன்படுத்தினார்கள், அதில் நீருக்கு உரியது வெள்ளிப் பிறை. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கமும் நீருக்குப் பாதி மதியின் வடிவத்தைத்தான் சொல்கிறது. ஹை ப்ரீஸ்டஸ் காலடிப் பிறையைப் பார்க்கும்போது தமிழ் வாசகருக்கு இது ஞாபகம் வருவது இயல்பு. ஸ்மித் அதை நினைத்து வரைந்தார் என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

ஸ்மித்துக்குத் தண்ணீர் மேல் தனி ஈடுபாடு இருந்ததா?

இருந்தது என்றே அவர் படங்கள் சொல்கின்றன. சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தவர், பிற்காலத்தில் கார்ன்வால் கடற்கரைப் பக்கம் குடியேறி 1951இல் அங்கேயே இறந்தவர். 1903இல், அதாவது டாரட்டுக்கு ஆறு வருடம் முன்பே, அலைகளையே குனிந்த பெண்களாக ஒரு நீர்வண்ண ஓவியம் தீட்டியிருக்கிறார். டாரட் வேலைக்கோ மிகக் குறைந்த காசுதான் கிடைத்தது என்று 1909 நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவரே கடிதத்தில் எழுதினார். அதைப் படித்ததிலிருந்து யாராவது 'வெய்ட் டெக்' என்று சொன்னால் நான் திருத்தாமல் விடுவதில்லை.

வேறு கட்டு வைத்திருந்தால் இதெல்லாம் பொருந்துமா?

மார்செய் கட்டில் கப்ஸ் எண் சீட்டுகளில் காட்சியே கிடையாது, கோப்பைகளும் கொடிகளும் மட்டும், ஆகவே அங்கே பெரிய சீட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கில மறைஞானி அலெய்ஸ்டர் க்ரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதில் கப்ஸ் சீட்டுகளின் மனநிலையை நீரின் தரமே சொல்லிவிடும். ஃபைவில் கோப்பைகள் காலி, செவனில் பச்சைச் சளி போல ஒழுகும், எய்ட்டில் சேறு கட்டிய தேக்கம்.

நிறைய நீர்ச் சீட்டு ஒரே வாசிப்பில் வந்தால் கெட்ட சகுனமா?

இல்லை. எந்தப் படமும் உங்களுக்கு நடக்கப்போவதை முடிவு செய்யாது, நான் அதை ஆரூடமாகச் சொல்வதும் இல்லை, யாராவது அப்படிச் சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிறைய நீர் வந்தால் சீட்டுகளை இடமிருந்து வலமாக வைத்து, எந்தச் சீட்டில் நீர் ஓடுகிறது, எந்தச் சீட்டில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆளும் அதைப் பார்க்கிறாரா, பார்க்காமல் திரும்பி நிற்கிறாரா என்று எழுதுங்கள். டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸும் எய்ட் ஆஃப் கப்ஸும் சேர்ந்து வந்தால், ஒருத்தி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருவர் அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு நீரோரமாக மலை ஏறிப் போகிறார். உங்கள் கேள்வியில் இந்த இரண்டு பேரில் நீங்கள் யார், எதிரில் இருப்பவர் யார் என்று யோசித்துவிட்டு அதற்குப் பிறகு அர்த்தப் புத்தகத்தைத் திறங்கள்.